கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடிப்படி

1883ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் உள்ள விக்டோரியா அரங்கில் குழந்தைகளுக்கான மந்திரக் காட்சி நடந்தது. காட்சி முடியும் நேரத்தில், குறிப்பிட்ட எண் உள்ள டிக்கெட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த பிள்ளைகளுக்கு மேடையிலிருந்தே பரிசுகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று கூட்டமாகப் படியிறங்கி ஓடினார்கள். படியின் அடியில் ஒரு கதவு. அது உட்பக்கமாகத் திறக்கும் கதவு. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் நுழையும்படி சற்றே திறந்து, அப்படியே தரையில் தாழிட்டு வைத்திருந்தார்கள். முன்னால் ஓடிய பிள்ளைகள் அந்த இடுக்கில் சிக்கினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. 3 வயது முதல் 14 வயது வரையுள்ள 183 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை. பரிசு வாங்கும் ஆசையும் ஒரு தாழும்தான் இருந்தன.

அந்தத் தாழை யார் போட்டது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. ஏன் போட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது எளிது: பிள்ளைகள் வரிசையாக வரட்டும், டிக்கெட்டைப் பார்த்து அனுப்பலாம். இந்தக் காரணத்தில் கொடுமை எதுவும் இல்லை. நாமே அந்த இடத்தில் இருந்திருந்தால்கூட இது நல்ல யோசனை என்று தலையாட்டியிருப்போம்.

அவசரகால வழிகளைப் பற்றிப் பேசும்போது எத்தனை வாசல், எவ்வளவு அகலம், எத்தனை படி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அவை எல்லாம் தேவைதான். ஆனால் பெரிய விபத்துகளின் கதைகளைப் படிக்கப் படிக்க, என் கவனம் வேறொன்றில் போய் நிற்கிறது. பல இடங்களில் வாசல் இருந்திருக்கிறது. அது பூட்டியிருந்தது. பூட்டியவரிடம் ஒரு காரணமும் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லாமல் கதவின் அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி சிகாகோவில் இராக்குவா என்ற நாடக அரங்கு எரிந்தது. திறந்து சில வாரங்களே ஆன அரங்கு அது; தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விடுமுறைக் காலப் பிற்பகல் காட்சி என்பதால் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 602 பேர் இறந்தார்கள். சில வாசல்கள் திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில கதவுகளில் பார்வையாளர்கள் அதுவரை கண்டிராத வகைத் தாழ்ப்பாள். அதைத் திறக்கும் விதமே பலருக்குத் தெரியவில்லை. மாடிப்படிகளின் குறுக்கே இரும்புக் கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். குறைந்த கட்டண டிக்கெட் வாங்கியவர்கள் நல்ல இருக்கைகளுக்கு இறங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக.

அந்தக் காட்சிக்குப் போயிருக்க வேண்டியவர் கார்ல் பிரின்ஸ்லர். இண்டியானபோலிஸ் நகரில் பூட்டு, கீல் போன்ற இரும்புச் சாமான்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அலுவல் காரணமாக அன்று போக முடியவில்லை. உயிர் தப்பியதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. ஹென்றி டுபாண்ட் என்ற பொறியாளருடன் சேர்ந்து, கதவின் குறுக்கே கிடைமட்டமாகப் பொருத்தும் ஒரு கம்பியை உருவாக்கினார். உள்ளிருப்பவர் அதன்மேல் கையை வைத்தாலும், இடுப்பால் மோதினாலும், பின்னால் வரும் கூட்டம் அவரை அதன்மேல் அழுத்தினாலும் தாழ் விலகிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது பூட்டிய கதவுதான். 1908இல் விற்பனைக்கு வந்தது. சண்டர்லேண்ட் துயரத்துக்குப் பிறகு ராபர்ட் பிரிக்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இதே நோக்கத்தோடு செய்த தாழுக்கு 1892இல் காப்புரிமை பெற்றிருந்தார். இன்று பெரிய மருத்துவமனைகளிலும் வணிக வளாகங்களிலும் நாம் காணும் பேனிக் பார் இவர்களுடைய உழைப்பிலிருந்து வந்தது.

இந்தக் கருவியின் மேன்மை எங்கே இருக்கிறது என்றால், பூட்ட நினைத்தவரின் கவலையையும் இது மதிக்கிறது. திருடன் வெளியிலிருந்து வர முடியாது; உள்ளே இருப்பவர் சாவியைத் தேட வேண்டாம். உட்பக்கமாகத் திறக்கும் கதவின் அபாயத்தையும் இது தீர்த்துவைக்கிறது. உள்ளே இழுக்கும் கதவாக இருந்தால், முதலில் வந்து சேர்பவர் ஓரடி பின்வாங்கித்தான் அதைத் திறக்க முடியும். பின்னால் ஐம்பது பேர் நெருக்கும்போது அந்த ஓரடி இடம் கிடைக்காது. செய்தித்தாள்கள் இதை ‘பீதியில் ஏற்பட்ட நெரிசல்’ என்று எழுதுகின்றன. எனக்கு அந்த எழுத்துமேல் கோபம் வருகிறது. இறந்தவர்கள் பதறியதால் இறந்ததாக அது சொல்கிறது. அவர்கள் எவ்வளவு நிதானமாக இருந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது.

நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையைப் பலர் அறிந்திருப்பார்கள். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். எட்டாம் மாடியில் பிடித்த தீ மேலே ஏறியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு மாடிப்படிக்குப் போகும் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் ஒரே வாசல் வழியாகப் போனால்தான் அவர்களுடைய கைப்பைகளைச் சோதித்து, ரவிக்கைத் துணி திருடுகிறார்களா என்று பார்க்க முடியும் என்பது நிர்வாகத்தின் வழக்கம். வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் வளைந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. வழக்கு விசாரணையில், திருட்டால் போன பொருளின் மதிப்பு எவ்வளவு என்று முதலாளிகளில் ஒருவரைக் கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் இரு முதலாளிகளும் விடுதலையானார்கள். அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதை ஐயமற நிரூபிக்க முடியவில்லை.

அன்று தெருவில் நின்று, பெண்கள் ஜன்னலிலிருந்து குதிப்பதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். நியூயார்க் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக அவர் வேலை செய்தார். தொழிற்சாலைச் சட்டங்கள் மாறின. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் வலுப்பெற்றன.

பூட்டுகள் மறையவில்லை. பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் இரவு விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று 492 பேர் இறந்தபோது, முகப்பில் இருந்த சுழல் கதவு உடல்களால் அடைத்துக்கொண்டது. பக்கவாட்டுக் கதவுகள் சில, பணம் கட்டாமல் யாரும் நழுவிவிடக் கூடாது என்று பூட்டப்பட்டிருந்தன. வட கரோலினாவின் ஹாம்லெட் என்ற சிற்றூரில் 1991 செப்டம்பர் 3 அன்று ஒரு கோழி இறைச்சி ஆலையில் 25 பேர் இறந்தார்கள். இறைச்சியைத் திருடிச் செல்கிறார்கள் என்ற சந்தேகத்தில் கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். அந்த ஆலை இயங்கிய பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பாதுகாப்பு ஆய்வு நடக்கவில்லை. பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோனில் 2004 ஆகஸ்ட் முதல் தேதி ஒரு பல்பொருள் அங்காடி எரிந்தபோது, பொருளுக்குப் பணம் கொடுக்காமல் போய்விடுவார்கள் என்று கதவுகளை மூடியதாகத் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 2012 நவம்பர் 24 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் பூட்டிய கதவுகளே காரணங்களில் முன்நின்றன.

கோழி, துணி, டிக்கெட், குடித்த பானத்தின் பணம்.

நம் நாட்டுக்கு வருகிறேன். டெல்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்தார்கள். கீழ்த்தளத்து மின்மாற்றியிலிருந்து கிளம்பிய புகை மேலே ஏறியது. இறந்தவர்கள் பால்கனியில் இருந்தவர்கள். பால்கனியின் வலப்புறம் இருந்த வாசலை, உரிமையாளர் குடும்பத்துக்காக எட்டு இருக்கைகள் கொண்ட தனி அறை அடைத்திருந்தது. நடைவழியிலும் கூடுதல் இருக்கைகள் போட்டிருந்தார்கள். கட்டும்போது வரைபடத்தில் இருந்த வாசல் பிறகு காணாமல் போயிருந்தது.

ஏர்வாடியைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கீற்றுக் கொட்டகையில் 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். தப்பி ஓடிவிடுவார்கள் என்ற பயம் அங்கே கதவில் இல்லை, காலிலேயே பூட்டப்பட்டிருந்தது.

2004ஆம் ஆண்டு காவிரிக் கரை மறக்க முடியாத ஆண்டு. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், முதல் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாப்பிள்ளையும் இறந்தார். கீழே இறங்கக் குறுகலான படிதான். ஆறு மாதம் ஆவதற்குள், ஜூலை 16 அன்று, கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சத்துணவு சமைத்த இடத்திலிருந்து தீ கூரைக்குப் பரவியது. மேல்மாடி வகுப்புகளுக்கு மேல் கீற்றுக் கூரை. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். இறங்குவதற்கு ஒடுங்கிய ஒரு மாடிப்படி.

அந்த ஆண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. நல்ல காரியம், வேகமாகவும் நடந்தது. ஆனால் கும்பகோணம் சொன்ன செய்தியில் பாதியை மட்டும்தான் நாம் கேட்டுக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கீற்று கண்ணுக்குத் தெரியும். பேருந்தில் போகிறவர்கூட அதைக் காட்டிக் கேட்பார். மாடிப்படி கட்டடத்தின் உள்ளே இருக்கிறது. இரண்டாவது மாடிப்படி இல்லாதது யார் கண்ணிலும் படாது. கீற்றைப் பிரித்துப்போட ஒரு நாள் போதும். படி கட்ட வேண்டுமானால் வகுப்பறை ஒன்றின் இடம் போகும். 2009இல் உச்ச நீதிமன்றம் கும்பகோணம் தீவிபத்தை ஒட்டிய பொதுநல வழக்கில், பள்ளிகள் அனைத்தும் தீப்பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 2019 மே 24 அன்று, சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் உச்சியில் இயங்கிய பயிற்சி மையத்தில் 22 மாணவர்கள் இறந்தார்கள். இறங்க வழியில்லாமல் அவர்கள் மாடியிலிருந்து குதித்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

விதிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி முழுவதும் தீயையும் உயிர்ப் பாதுகாப்பையும் பற்றியதுதான். மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கே அதற்குச் சட்ட வலிமை என்பது ஒரு குறை. ஆனாலும் உள்ளடக்கம் தெளிவானது. வெளியேறும் கதவு குறைந்தது 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். திறந்தவுடன் காலடியில் படி தொடங்கக் கூடாது. நிற்க ஒரு தளம் வேண்டும். உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். சுழல் கதவையும் மின்தூக்கியையும் வெளியேறும் வழியாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பள்ளியின் மாடிப்படி 1.5 மீட்டர் அகலம், மக்கள் பெருமளவில் கூடும் மண்டபங்களில் 2 மீட்டர். எங்கே நின்றாலும் பாதுகாப்பான வழிக்குப் பொதுவாக 30 மீட்டருக்குள் போய்ச் சேர முடிய வேண்டும்.

இவற்றில் சாதாரண மனிதருக்கு மிகவும் உதவுவது வேறொரு கணக்கு. மாடிப்படியில் ஆளுக்கு 10 மில்லிமீட்டர் அகலம், கதவுகளிலும் சமதள வழிகளிலும் ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் என்று விதி சொல்கிறது. அதாவது ஒன்றரை மீட்டர் படி 150 பேருக்குப் போதும். ஒரு மீட்டர் கதவும் ஏறத்தாழ அதே அளவுதான். முதல் மாடியில் 500 பேர் கூடும் முகூர்த்தக் கூடம் என்றால் மொத்தம் 5 மீட்டர் அகலத்துக்குப் படிகள் வேண்டும். நீங்கள் கடைசியாகப் போன கல்யாணத்தை நினைத்துப்பாருங்கள். சந்தனக் கிண்ணம் வைத்த மேசை, வரவேற்புப் பலகை, பூத்தொட்டிகள் எல்லாம் போக முன்படியில் மிச்சம் எவ்வளவு?

எங்கள் தங்கை மகள் திருமணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனபோது இந்தக் கணக்குதான் என் மனத்தில் ஓடியது. வாடகை, அறைகளின் எண்ணிக்கை, ஜெனரேட்டர், தண்ணீர் எல்லாம் பேசி முடித்தபின் பின்பக்க மாடிப்படியைக் காட்டச் சொன்னேன். படி இருந்தது, நல்ல அகலமான படி. நடுத்தளத்தில் பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கீழே சங்கிலி போட்ட கிரில் கேட், அதில் பூட்டு.

“பின்பக்கத்தைத் திறந்து வைத்தால் பாத்திரம் காணாமல் போகிறது சார்” என்றார் மேலாளர். “நகை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாத ஆட்கள் பின்வழியாக ஏறிவிட்டால் நாளைக்கு நீங்களே எங்களைத்தான் கேட்பீர்கள்.”

சாவி காவலாளியிடம் இருக்கிறதாம். முகூர்த்த நாளில் காவலாளி முன்வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார்.

அவருடைய பயம் பொய்யில்லை. கல்யாண வீடுகளில் நகை திருட்டு நடக்கத்தான் செய்கிறது. அவரைக் கொடியவராக எண்ணிப் பேசினால் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பூட்டத்தான் போகிறார். எனவே திருட்டைப் பற்றியே பேசினோம். கிரில் கேட்டுக்குப் பதில் பேனிக் பார் பொருத்திய கதவைப் போட்டால், வெளியாள் ஏற முடியாது. கதவு திறந்தால் மணி அடிக்கும்படியும் செய்யலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு எவனும் மணியடிக்கும் கதவு வழியாகப் போக மாட்டான். உரிமையாளரிடம் சொல்வதாகச் சொன்னார். எங்கள் திருமணத்துக்குள் அது நடக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இங்கே ஆய்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உரிமத்துக்காக அதிகாரிகள் வந்து பார்க்கும் நாளில் மண்டபம் காலியாக இருக்கும். பூட்டு திறந்திருக்கும், படி பெருக்கியிருக்கும். அன்று பார்க்கும் மண்டபம் வேறு, வளர்பிறை முகூர்த்தத்தன்று ஆயிரம் பேர் நிற்கும் மண்டபம் வேறு. தீயணைப்புத் துறை ஆய்வு செய்ய வேண்டிய நாள் முகூர்த்த நாள்தான். ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது. அதிகாலை நேரம் என்பதால் உள்ளே சில ஊழியர்கள்தான் இருந்தார்கள்; அவர்களை மீட்டுவிட்டார்கள். வெறும் பொழுது வித்தியாசம் காப்பாற்றியது. அதை நம்பி ஊர் நடத்த முடியாது. முன்னறிவிப்பில்லாமல், கூட்டம் இருக்கும்போது போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்க்கும் ஒரே ஒரு சோதனை, கோப்பில் சேரும் பத்துச் சான்றிதழ்களைவிட மதிப்புள்ளது. கதவு திறந்ததா இல்லையா என்பதில் வாதாட இடமில்லை.

கதவு திறந்திருந்தாலும் இன்னொரு தடை உண்டு. மனிதர்கள் வந்த வழியாகவே வெளியே போகப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரி 20 அன்று ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் 100 பேர் இறந்தபோது, வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் நுழைந்த முகப்பு வாசலையே நோக்கிப் போனார்கள். தீ தொடங்கி இரண்டு நிமிடங்களுக்குள் அங்கே நெரிசல் இறுகிவிட்டது. பச்சை விளக்கில் ஓடும் மனித உருவத்தை எரியவிட்டால் போதாது. அந்த வழியாக மக்கள் சாதாரண நாளிலும் நடந்திருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது இன்னும் மோசம். மின்தூக்கி வந்தபின் படியை மறந்துபோனோம். செருப்பு அலமாரி, பழைய கட்டில், குழந்தையின் மிதிவண்டி எல்லாம் படிக்குக் குடியேறிவிட்டன. புகையைத் தடுக்கவென்றே தானாக மூடிக்கொள்ளும்படி அமைத்த கதவைக் காற்றுக்காகக் கல் வைத்துத் திறந்துவைக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை அந்தத் திறப்பு வழியாகத்தான் படி முழுவதும் ஏறும்.

திருமணத்துக்கு முன்பு வீட்டில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தோம். மொய் எழுத ஒருவர், பந்தி கவனிக்க இருவர், வெளியூர்க்காரர்களை அறைக்கு அழைத்துப் போக ஒருவர். அந்தப் பட்டியலில் பின்படி என்று ஒரு வரி சேர்த்தேன். சிலர் சிரித்தார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் சித்தப்பா மட்டும், “அதை நான் பார்த்துக்கொள்கிறேன், சாவியை என் கையில் கொடுத்துவிடச் சொல்” என்றார். கடைசிவரை கேட் திறந்திருக்கும் என்பதை மண்டப ஒப்பந்தத்திலும் கையால் எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

முகூர்த்தத்தன்று விடியற்காலையிலேயே சித்தப்பா பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலிகளை அகற்றினார். சங்கிலியை அவிழ்த்து, காற்றில் கேட் மூடிக்கொள்ளாதபடி கம்பியால் சுவரோடு சேர்த்துக் கட்டினார். படிக்கு வெளிச்சம் போதவில்லை என்று மின்பணியாளரைக் கூப்பிட்டு இரண்டு விளக்குகள் போடச் செய்தார். தெரியாத ஆட்கள் ஏறாமல் பார்த்துக்கொள்ள, படியின் அடியில் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எட்டரை மணி வாக்கில் சமையல்காரரின் ஆட்கள் காய்கறிக் கூடைகளை நடுத்தளத்தில் இறக்கப் பார்த்தபோது, ஜெனரேட்டர் பக்கம் இடம் இருக்கிறது என்று அங்கே கொண்டுபோக வைத்தார். தாலி கட்டி முடிந்ததும், பந்திக்குப் போகிறவர்களைப் பின்படி வழியாக இறங்கச் சொல்லி இரண்டு பையன்களை மேலே நிறுத்தினார். பந்திக்கூடம் கீழே அந்தப் பக்கம்தான் என்பதால் எல்லோருக்கும் அதுவே வசதியாகவும் இருந்தது. முன்படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்ளவில்லை. பத்து மணிக்கெல்லாம் வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் படியில் ஒருமுறையாவது நடந்திருந்தார்கள். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கும் பந்திக்கு இந்த வழியாகவே அனுப்பலாமா என்று சித்தப்பாவிடம் கேட்டார். அனுப்புங்கள், ஆனால் கீழே ஒரு ஆளை உட்கார வையுங்கள் என்றார் சித்தப்பா.